காற்று திரும்பினால் மான் எங்கே போய்ப் படுக்கும்?

காலையில் மேய்ந்துவிட்டுப் போன மான் பகல் முழுக்க எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள, குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தடம் புதருக்குள் போகும், புதருக்குள் நான் தலையை விடுவதற்குள் அந்தப் பக்கமாக ஒரு வெள்ளை வால் தூக்கிக்கொண்டு ஓடும், அன்றைய கதை அதோடு முடிந்தது. தடம் என்பது நேற்றைய செய்தி. இன்று எந்தப் பக்கம் படுத்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் காற்றைக் கேட்க வேண்டும், அதுவும் இப்போது அடிக்கிற காற்றை மட்டும் கேட்டால் போதாது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை மனதில் வைத்து. காட்டோரத்திலும் சரிவிலும் தனியாகவோ நாலைந்தாகவோ பதுங்கிப் படுக்கிற மற்ற மான்களுக்கும் நிறையப் பொருந்தும். திறந்த புல்வெளியில் பெருங்கூட்டமாகப் படுக்கும் மான்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே ஒவ்வொன்றுக்கும் பக்கத்து மானின் கண்ணும் காதும் காவல் இருக்கிறது. படம் எடுக்க, எண்ணிக்கை எடுக்க, அல்லது சும்மா தூரத்தில் உட்கார்ந்து பார்க்க, எதற்காகப் போனாலும் வழி ஒன்றுதான்.

முதலில் மான் ஏன் படுக்கிறது? அது மாட்டைப் போல அசைபோடும் பிராணி, வயிறு நாலு அறை. வெட்டவெளியில் நின்று நிதானமாகச் சாப்பிட அதற்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. விடியற்காலையிலும் அந்தியிலும் வேகவேகமாக உள்ளே தள்ளிவிட்டு, மறைவான இடத்துக்குப் போய்ப் படுத்து அசைபோடுகிறது. அதாவது பகலில் பல மணி நேரம் கீழே கிடந்தாக வேண்டும், அந்த நேரத்தில் எதுவும் தன்னை நெருங்கிவிடவும் கூடாது. கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 300 டிகிரி பார்க்கிறது. காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். மிச்சம் இருக்கிற அந்த முதுகுப் பக்கம், அதோடு மரமும் மேடும் மறைக்கிற பக்கம், இவற்றை மூக்கிடம் ஒப்படைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து காற்று வர வேண்டும், காற்று வராத பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். படுக்கை என்றால் மானுக்கு இதுதான். மற்றதெல்லாம் (நிழல், சூடு, ஓடிப்போக வழி) இதற்கு அப்புறம்.

இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு படுக்கையும் ஒரு காற்றுக்கு மட்டும்தான் சரியாக வேலை செய்யும் என்பது புரியும். சில படுக்கைகள் இரண்டு மூன்று காற்றுக்கு ஒத்துவரும், அப்படிப்பட்டவை குறைவு. அதனால் "இந்தக் காட்டில் மான் எங்கே படுக்கும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்தப் படுக்கை எந்தக் காற்றுக்கு?" என்று கேட்கப் பழகினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் தடுமாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருகிற காற்று, வடக்கு நோக்கிப் போகிற காற்று அல்ல. நம் ஆட்கள் இதில் குழம்பவே கூடாது, ஏனென்றால் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என வருகிற திசையை வைத்துத்தான் காற்றுக்கே பெயர் வைத்திருக்கிறோம். வரைபடத்தில் அம்புக்குறி போடும்போதுதான் பலரும் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

சரிவில் என்ன நடக்கிறது

மேட்டுப்பாங்கான இடம் என்றால் மான் பெரும்பாலும் காற்று மோதாத பக்கத்தில், முகட்டிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு கீழே படுக்கும். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு முகட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வாடை அடிக்கிறது என்று வையுங்கள். காற்று வடக்குச் சரிவில் மோதி ஏறி, முகட்டைத் தாண்டித் தெற்குச் சரிவுக்கு மேலாக விழுகிறது. மான் தெற்குச் சரிவின் மேல்பகுதியில், முகட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி படுத்திருக்கும். முகட்டுக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும் வாடை அவர்களுடைய வாசத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

சரி, கீழே இருந்து வந்தால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. வெயில் பட்டதும் சரிவில் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏற ஆரம்பிக்கும். இதை ஏறுகாற்று என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தாக்கின் வாசனையெல்லாம் அந்த ஏறுகாற்றோடு மேலே வருகிறது. முகட்டைத் தாண்டி விழும் காற்றும் கீழிருந்து ஏறும் காற்றும் சந்திக்கிற இடம் ஏறக்குறைய அந்த மேல் மூன்றில் ஒரு பங்கு. அங்கே படுத்தால் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மோப்பம் கிடைக்கும், போதாததற்குக் கீழே இருப்பது கண்ணுக்கும் தெரியும். முகட்டின் உச்சியிலேயே படுத்தால் வானத்தின் பின்னணியில் உருவம் தனியாகத் தெரிந்துவிடும், அடிவாரத்தில் படுத்தால் ஏறுகாற்று பயன்படாது.

தென்றல் அடித்தால் இதே கணக்கு வடக்குச் சரிவுக்கு மாறும். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். வடக்கு அரைக்கோளத்தில் வடக்குச் சரிவில் வெயில் குறைவு, அதனால் ஏறுகாற்று தாமதமாகத் தொடங்கும், பலமும் கம்மி. தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்.

முகட்டிலிருந்து விரல்கள் மாதிரி கீழே நீளும் கிளைமேடுகள் இருக்கும் அல்லவா, அவற்றை முதலில் குறித்து வையுங்கள். ஒரு கிளைமேட்டின் நுனியில் படுத்த மான் காற்று கொஞ்சம் திரும்பினாலும் நாலு எட்டு எடுத்து வைத்து மேட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட முடியும், மூன்று பக்கமும் பார்வை, மூன்று பக்கமும் ஓட வழி. கொம்பு பெருத்த வயசான ஆண் மானை நான் பார்த்ததெல்லாம் இந்த மாதிரி நுனிகளில்தான், சாதாரணச் சரிவின் நடுவில் ஒரு தடவைகூடப் பார்த்த நினைவு இல்லை.

நேரம் தப்பினால் காற்றும் தப்பும்

ஏறுகாற்றைப் பற்றிச் சொன்னேன், அதற்கு எதிர்த்தாற்போல் இறங்குகாற்று ஒன்று உண்டு. மாலையில் வெயில் சரிவை விட்டதும் தரை குளிர்ந்து, காற்று கனத்து, தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து வழியும். ஓடை, வாய்க்கால், மடிப்பு என எது தாழ்வோ அதன் வழியே போகும். இது ராத்திரி முழுக்க நடந்து, மறுநாள் சரிவில் வெயில் ஏறும் வரை தொடரும்.

ஒரு தடவை விடிவதற்கு முன்பே போய் ஒரு சரிவின் கீழே உட்கார்ந்தேன். மேலே படுக்கைகள் இருப்பது தெரியும், காற்று மேலிருந்து என் முகத்துக்கு வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு. ஏழு மணிக்கு இரண்டு பெட்டை மானும் ஒரு இளம் ஆண் மானும் வந்து மேலே படுத்தன, தொலைநோக்கியில் தாடை அசைவதுகூடத் தெரிந்தது. ஒன்பதரை வாக்கில் வெயில் என் காலில் பட்டது. சுகமாக இருக்கிறதே என்று காலை நீட்டிக்கொண்டேன், முட்டாள்தனம். பத்து நிமிஷம் இருக்காது, மேலே மூக்கால் சீறுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் காலியான சரிவு. வானிலை அறிக்கையில் அன்றைக்குக் காற்றின் திசை மாறவே இல்லை. என் சரிவில் மாறிவிட்டது. வெயில் காலில் பட்டபோதே நான் எழுந்து பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும்.

மேகமூட்டமான நாளில், மழை நாளில் இந்த ஏற்ற இறக்கம் மங்கிப்போகும், பொதுவான காற்றுதான் (வானிலை அறிக்கையில் சொல்கிற காற்று) ஆட்சி. காற்று பலமாக இருந்தாலும் அப்படியே. எவ்வளவு பலம் என்பதைக் கருவி இல்லாமலே பார்க்க போஃபோர்ட் அளவுகோல் போதும், 1805ல் கடற்படைக்காரர் ஒருவர் வகுத்தது, இன்றைக்கும் கைகொடுக்கிறது. முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. தூசி கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28. இலையுள்ள சின்ன மரங்களே ஆட ஆரம்பித்தால் 29ஐத் தாண்டிவிட்டது. நான் வைத்துக்கொண்டிருக்கும் தோராயக் கணக்கு இது: இலை சலசலக்கும் அளவு வரை சரிவின் ஏறுகாற்று இறங்குகாற்றை நம்பு, குச்சி ஆடினால் இரண்டையும் சேர்த்து யோசி, கிளை ஆடினால் பொதுக்காற்றை மட்டும் பார்.

காற்று திரும்பும்போது

இப்போது விஷயத்துக்கு வருவோம். காற்று திசை மாறினால் மான் உடனே எழுந்து போய்விடுமா? பெரும்பாலும் போகாது. படுத்த மான் எழுந்தாலே கண்ணில் படும் என்பது அதற்குத் தெரியும் போல. 30, 40 டிகிரி திரும்பினால் எழுந்து, சோம்பல் முறித்து, ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தை வேறு பக்கம் வைத்து அதே இடத்திலோ பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியோ மறுபடி படுத்துவிடும். படுத்த மான் எப்படியும் சில மணிக்கு ஒருமுறை எழும், சிறுநீர் கழிக்கும், புழுக்கை போடும், பக்கத்தில் நாலு தழையைக் கடிக்கும். இட மாற்றத்தையும் அப்போதே முடித்துக்கொள்கிறது. அதனால் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் தூரத்திலிருந்து பொறுமையாகப் பார்த்தால் இந்த நகர்வு கண்ணில் படும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

90 டிகிரி திரும்பினால் கதை வேறு. முகட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த காற்று முகட்டின் நீளவாக்கிலேயே வீச ஆரம்பித்துவிடும், முன்பு இருந்த மறைவு போய்விடும். அப்போது கிளைமேடுகள்தான் மறைவு, அவற்றின் பின்பக்கத்தைத் தேடுங்கள். முழுக்கத் தலைகீழாகத் திரும்பினால் முகட்டின் அந்தப் பக்கம். ஆனால் இந்த முழு மாற்றம் அன்றைக்கே தெரிவதைவிட மறுநாள் காலையில்தான் நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம், ஏனென்றால் விடியும்போது மேய்ச்சலிலிருந்து திரும்பும் மான் அந்த நேரத்துக் காற்றை மோந்து பார்த்துத்தான் அன்றைய படுக்கையை முடிவு செய்கிறது. நடுப்பகலில் காற்று திரும்பினால், ஏற்கெனவே படுத்துவிட்ட மான் தப்பான காற்றில் மாட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப் போகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு, மானுக்கு அவ்வளவு நிம்மதியான நேரம் இல்லை, தலையை அடிக்கடி தூக்கும், காதைத் திருப்பிக்கொண்டே இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் எழுந்துவிடும்.

முன்கூட்டியே கணிக்கச் சுலபமான திருப்பம், வடக்கு அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் குளிர்முகப்பு, அதாவது வெதுவெதுப்பான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்துபோகும்போது வருவது. குளிர்முகப்பு வருவதற்கு முன்னால் காற்று தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும், கொஞ்சம் வெதுவெதுப்பாக, ஈரமாக. முகப்பு கடந்ததும் கடிகார முள் மாதிரி சுற்றி மேற்கு, வடமேற்கு என்று மாறிவிடும், வானம் தெளியும், குளிரும். அப்படியானால் முகப்புக்கு முன்னால் வடக்கு, வடகிழக்குச் சரிவுகள். கடந்த பிறகு தெற்கு, தென்கிழக்குச் சரிவுகள். இரண்டாவது நிலையில் மானுக்கு எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கிறது, குளிர்காற்றுக்கு மறைவு, காலை வெயில், பலமான ஏறுகாற்று. முகப்பு கடந்த மறுநாள் தெளிவான காலையில் தென்கிழக்குச் சரிவின் மேல்பகுதியைப் பாருங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் அந்த நாளைத்தான் கேட்பேன்.

கடலோரத்திலும் பெரிய ஏரிகளின் கரையிலும் தினமுமே ஒரு திருப்பம் உண்டு. ராத்திரி நிலத்திலிருந்து தண்ணீர்ப் பக்கம் போகும் காற்று, நிலம் சூடானதும் தண்ணீரிலிருந்து நிலத்துக்கு வீசும். விடியலில் ஒரு காற்றுக்குப் படுத்த மான் நடுப்பகலுக்குள் அதற்கு நேர் எதிரான காற்றில் இருக்கும். இங்கெல்லாம் தினசரி மாற்றத்துக்குப் பழகிய மான்கள் இரண்டு காற்றுக்கும் ஒத்துவரும் படுக்கைகளை விரும்புவதைக் கவனிக்கலாம், மேட்டின் நுனி, நாணல் காட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு, இப்படி.

சமதரையில்

மேடு பள்ளமே இல்லாத இடத்தில் மறைவைப் புதரும் மரமும்தான் கொடுக்கின்றன. ஒரு அடர்ந்த புதர்க்காடு இருந்தால், காற்று அதற்குள் நுழையும் பக்கத்தை விட்டுவிட்டு, காற்று வெளியே வரும் ஓரத்துக்குச் சற்று உள்ளே பாருங்கள். முதுகுக்குப் பின்னால் அடர்த்தி, அதன் வழியே வரும் காற்றில் மோப்பம், முன்னால் கொஞ்சம் திறந்த இடம், அதற்குக் கண். காற்று திரும்பினால் அதே புதர்க்காட்டின் எதிர் ஓரத்துக்குப் போய்விடும், காட்டை விட்டே போக வேண்டிய அவசியம் இல்லை. சதுப்பிலும் இதே மாதிரிதான், காய்ந்த திட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்றைக் குறித்துவைத்தால் போதும்.

வரிசையாக நட்ட மரங்கள் இருந்தால் அவற்றின் உயரத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் நன்றாகக் குறைந்திருக்கும். 15 மீட்டர் மரம் என்றால் 150 மீட்டர். கடும் குளிர்க்காற்று நாளில் உயரமான காய்ந்த புல்லுக்குள் மான் படுத்திருந்தால் அது பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும்.

குளிரும் வெயிலும் இந்தக் கணக்கை வளைக்கும். கடும் வெயிலில் மறைவைவிட நிழலும் காற்றோட்டமும் முக்கியமாகிவிடும், காற்று மோதும் பக்கத்திலேயேகூடப் படுக்கும். கடும் குளிரில் ஊசியிலை மரங்களின் கீழே காற்று படாத இடம். பேய்க்காற்றில், அதாவது மரங்களே ஆடும்போது, காது கேட்காது, எங்கே பார்த்தாலும் அசைவு என்பதால் கண்ணும் குழம்பும். அப்போது முகட்டை ஒட்டிய இடங்களை விட்டு, இன்னும் கீழே, குழிவான இடங்களுக்கு இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடித்துக் குறிப்பது

மான் இல்லாத நேரத்தில், முடிந்தால் இலையுதிர்ந்து புல் படுத்துவிட்ட பருவத்தில், ஒரே ஒரு முறை உள்ளே போய்ப் படுக்கைகளைத் தேடுங்கள். புல்லோ சருகோ நசுங்கி முட்டை வடிவில் இருக்கும், வளர்ந்த மானுக்கு ஒரு மீட்டர் நீளம் அல்லது அதற்கும் மேல். பெரிதும் சிறிதுமாக மூன்று நாலு ஒன்றாக இருந்தால் தாயும் குட்டிகளும். பெரிதாக ஒன்றே ஒன்று தனியாக, பக்கத்து மரத்தில் கொம்பு உரசிய தழும்போடு இருந்தால் ஆண் மான். உள்ளே முடி கிடக்கும், பக்கத்தில் புழுக்கை இருக்கும். பனிப்பொழிவு உள்ள இடத்தில் இன்னும் சுலபம், உடம்புச் சூட்டில் உருகி மறுபடி உறைந்து பளபளப்பான பள்ளமாகத் தெரியும். பனித்துளி விழுந்த காலையில் புல்லில் காய்ந்த வட்டம் தெரிந்தால் மான் எழுந்து போய் வெகுநேரம் ஆகவில்லை.

படுக்கையைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அதிலேயே முழங்கால் போட்டு, தலையை மானின் தலை உயரத்துக்குத் தாழ்த்திச் சுற்றிப் பாருங்கள். நின்று பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் தெரியும். எந்தப் பக்கம் தூரம் வரை தெரிகிறது, எந்தப் பக்கம் விழுந்த மரமோ மேடோ மறைக்கிறது? மறைக்கிற பக்கம்தான் இந்தப் படுக்கைக்கான காற்று வரும் திசை. அதை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அதே சரிவில் அடுத்த படுக்கை, அடுத்தது. பத்துப் படுக்கை எழுதினால் அதில் ஏழெட்டு இரண்டே இரண்டு காற்றுக்குள் அடங்கிவிடும், அந்த இடத்தில் அடிக்கடி வீசும் காற்றுகள் எவை என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு உள்ளே போகக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்ததை மட்டும் ஒரு வரியாக எழுதி வந்தால் போதும்: "காலை 8, வடமேற்கு, குச்சி ஆடுகிறது, வெயில், 3ஆம் படுக்கை, ஒரு பெட்டை, 11 மணிக்கு எழுந்து மறுபக்கம் போனது." மான் இல்லாத நாளையும் எழுதுங்கள். எந்தக் காற்றில் ஒரு சரிவு காலியாக இருக்கும் என்று தெரிவதும் எந்தக் காற்றில் நிறையும் என்று தெரிவதும் ஒரே அளவு பயனுள்ளது.

காற்றைப் பார்க்க முகப்பவுடரைத் தூவுகிறார்கள் பலர். அது இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. எருக்கம்பஞ்சு மாதிரிப் பறக்கும் விதைப்பஞ்சை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விட்டுத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்து பாருங்கள், ஐம்பது மீட்டர், சில நேரம் நூறு மீட்டர் வரை தெரியும். நேராகப் போகும் என்று நினைத்தது மேலே ஏறி, சுழன்று, திரும்பி நம்மிடமே வருவதைப் பார்த்தால் நம்முடைய காற்றுக்கணக்கின் லட்சணம் புரியும். முகட்டுக்குப் பின்னாலும் காட்டு ஓரத்திலும் இந்தச் சுழல் கட்டாயம் இருக்கும்.

நெருங்குவது

காற்றுக்கு எதிராக நேராகப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். மூக்குக்கு அது சரி, கண்ணுக்குத் தப்பு. முதுகில் காற்றை வாங்கிப் படுத்திருக்கும் மானின் முகம் எந்தப் பக்கம்? நீங்கள் வரும் பக்கம். அதனால் காற்றைக் குறுக்காக வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில், மானின் நேர்ப்பார்வைக்கும் அதன் மோப்ப எல்லைக்கும் நடுவில் போக வேண்டும். அந்த இடைவெளி குறுகலானது, காற்று கொஞ்சம் ஆடினாலும் மூடிக்கொள்ளும். உண்மையில் நான் நெருங்குவதையே விட்டுவிட்டேன். பள்ளத்தாக்குக்கு எதிர்ச் சரிவில், முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி, நல்ல தொலைநோக்கியோடு உட்காருவதுதான் மானுக்கும் நமக்கும் வசதி. படுக்கையிலேயே வைத்து இரண்டு தடவை விரட்டப்பட்ட மான் அந்த இடத்தை விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு, உங்கள் நோட்டுக்கணக்கும் அதோடு போய்விடும்.

பிறந்த சில வாரங்களே ஆன குட்டி தனியாகப் படுத்துக் கிடந்தால் இந்தக் காற்றுக்கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. ஓடுவதற்குப் பதிலாக அசையாமல் ஒட்டிக்கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு, தாய் வேண்டுமென்றே தள்ளி இருக்கிறது. தொடாமல், பக்கத்தில் நிற்காமல், வந்த வழியே போய்விடுங்கள்.

மான் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் தொடர்ந்து வாடை அடித்தால் எல்லா மானும் வடக்கே போய்க் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? படுக்கைக்குப் போகும் கடைசிக் கொஞ்ச தூரத்தில் காற்றை மோந்துகொண்டே போகும், அது உண்மை. பலதும் படுக்கையைத் தாண்டிப் போய், காற்று போகிற பக்கமாகச் சுற்றி வந்து, தன் தடத்தின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு படுக்கும், அதுவும் உண்மை. அதற்கு மேல் இல்லை. இன்னொன்று, 2008ல் வெளியான ஓர் ஆய்வு, மேயும்போதும் படுக்கும்போதும் மான்கள் உடம்பை வடக்கு தெற்காக வைத்துக்கொள்கின்றன, காரணம் பூமியின் காந்தப்புலம் என்றது, செக் நாட்டில் பனியில் பதிந்த படுக்கைத் தடங்களையும் அதற்காகப் பார்த்திருக்கிறார்கள். படிக்கச் சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் பலமான காற்று அடிக்கும் நாளில் நான் காந்த ஊசியை நம்பி இடம் தேட மாட்டேன்.

கடைசியாக, திரும்பி வருவது. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அந்தியில் மான் எழுந்து கீழே மேய்ச்சலுக்கு இறங்கும், அதே நேரம் இறங்குகாற்றும் பள்ளத்தாக்குக்கு வழியும். எதிர்ச் சரிவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வாசமும் அதோடு சேர்ந்து நேராக அந்த மேய்ச்சலுக்கே போய் நிற்கும், இரவு முழுக்க அங்கேயே தேங்கியும் கிடக்கும். அதனால் உங்கள் சரிவை விட்டு வெயில் விலகுவதற்கு முன்பே எழுந்து, முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிவிடுங்கள். அரை மணி நேரம் அதிகம் நடக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.